ஆல்பத்தைக் கலைக்காதீர்கள்: இசைச் செயலி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாட்டுக் கேட்கும் செயலிகளை நடத்துகிறவர்களுக்கும், பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும்,

உங்களில் ஒருவருடைய செயலிக்கு நான் மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு அதில் ஓர் ஆல்பத்தைத் திறந்தால், பெரிதாகத் தெரிகிற பொத்தான் அதை வரிசைப்படி ஓட்டுவதில்லை. பாடல்களைக் கலைத்துப்போட்டு, நடுநடுவே "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று வேறு யாருடைய பாடல்களையோ செருகி ஓட்டுகிறது. வரிசைப்படி கேட்க வேண்டுமானால் மூன்று புள்ளிகளைத் தட்டி உள்ளே போய்த் தேட வேண்டும். ஆல்பம் முடிந்த மறுநொடியே சம்பந்தமில்லாத ஒரு பாட்டு தானாகத் தொடங்குகிறது. அதை அணைத்து வைத்தாலும் அடுத்த அப்டேட்டில் மறுபடி முளைத்துவிடுகிறது. புகார் எழுதினேன். பயனர் அனுபவத்தை மேம்படுத்தவே இந்த மாற்றம் என்று பதில் வந்தது. எந்தப் பயனரைக் கேட்டு மேம்படுத்தினீர்கள் என்று அடுத்து எழுதியதற்குப் பதிலே வரவில்லை. அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் பாடகர் இல்லை, விமர்சகர் இல்லை, விலையுயர்ந்த ஒலிக்கருவிகள் வைத்துக்கொண்டு நுணுக்கம் பேசும் கூட்டத்திலும் சேர்த்தி இல்லை. ஜாஸ், மெட்டல், ஹிப் ஹாப், கர்நாடக சங்கீதம், மேற்கத்தியச் செவ்வியல், எலக்ட்ரானிக் என்று எது கையில் கிடைத்தாலும் ஒதுக்காமல் கேட்கிற ஆள். பிளேலிஸ்ட் மீதும் எனக்குக் கோபம் கிடையாது. வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் கலந்துகட்டித்தான் கேட்கிறேன். பாடல்களின் தொகுப்பாக மட்டுமே வெளிவந்த ஆல்பங்களும் ஏராளம். அவற்றை எப்படிக் கலைத்தாலும் நஷ்டமில்லை. ஆனால் இன்னதற்குப் பின் இன்னது என்று உட்கார்ந்து யோசித்து அடுக்கிய ஆல்பங்கள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் குறை.

ரேடியோஹெட் குழு 2000இல் வெளியிட்ட 'கிட் ஏ'வைச் சொல்கிறேன். அதில் ஐந்தாவதாக 'ட்ரீஃபிங்கர்ஸ்' என்று ஒன்று வரும். பாடல் வரி கிடையாது, தாளம் கிடையாது. கிதார் ஒலியை மின்னணுக் கருவிகளில் கரைத்துக் குழைத்துச் செய்த, மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரு மங்கலான ஒலிப்பரப்பு. பிளேலிஸ்ட்டில் தனியாக எதிர்ப்பட்டால் பத்தாவது நொடியில் தாண்டிப்போய்விடுவோம். ஆல்பத்தில் அதற்கு முன்னால் இருப்பது 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி'. தந்தி வாத்தியங்கள் மேலே மேலே ஏறி, ஒரு கட்டத்தில் சுருதியே கலங்கி, மூச்சு முட்டுகிற அளவுக்கு நிறைகிற பாட்டு. அது முடிந்ததும் இன்னொரு பாட்டைக் கேட்கும் நிலையில் நான் இருப்பதில்லை. அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டது 'ட்ரீஃபிங்கர்ஸ்'. அதில் கொஞ்ச நேரம் கிடந்து எழுந்த பிறகு 'ஆப்டிமிஸ்டிக்' பாட்டின் கிதார் நுழையும்போது உடம்பே நிமிர்ந்து உட்காரும். உங்கள் புதிய பொத்தான் அதே 'ட்ரீஃபிங்கர்'ஸை ஒரு நடனப் பாட்டுக்கும் இன்னொரு நடனப் பாட்டுக்கும் நடுவே வைத்து எனக்கு ஓட்டியது. ஏதோ கோளாறு என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன்.

கொடுமை அதோடு நிற்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமன் செய்கிறீர்கள். ஒரு பிளேலிஸ்ட்டில் 1960களின் பாட்டுக்கு அடுத்து இன்றைய பாட்டு வரும்போது காது கிழியாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆல்பத்துக்குள் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன் செய்தால், அடங்கி ஒலிக்க வேண்டியதும் அலற வேண்டியதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். ஆல்பம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் முறையும் உங்களிடமே இருக்கிறது. ஷஃபிளை, அதாவது பாடல்களைக் கலைத்துப்போடுவதை, இயல்பாக்கினால் அதுவும் சேர்ந்து அடிபட்டுப்போகிறது.

பீட்டில்ஸின் 'அபே ரோட்' 1969இல் வந்தது. அதன் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஐ வான்ட் யூ'. இறுதி மூன்று நிமிடம் ஒரே கிதார் வரிசை திரும்பத் திரும்பச் சுழலும். அதன் மேல் காற்றிரைச்சல் ஒன்று ஏறிக்கொண்டே வரும். இது எங்கே போய் முடியுமோ என்று பதறத் தொடங்கும்போது, 7 நிமிடம் 44 நொடியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். ஒலிநாடாவை அந்த இடத்தில் வெட்டச் சொன்னவர் ஜான் லெனன். முதல்முறை கேட்டபோது எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது. இசைத்தட்டில் அதோடு பக்கம் முடிந்துவிடும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப்போட வேண்டும். அந்த நேரம் முழுக்க அறையில் மௌனம். அப்புறம்தான் 'ஹியர் கம்ஸ் தி சன்' கிதார். இப்போது உங்கள் செயலியில் ஒரு பாட்டு மங்க மங்க அடுத்ததை மேலேற்றும் கிராஸ்ஃபேட் வசதியைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அந்த வெட்டு காணாமல் போகும். இருட்டு அறுபடுவதற்கு முன்பே சூரியன் வந்து நிற்கும். கிராஸ்ஃபேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விருந்துக்குப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு அது தேவை. ஓர் ஆல்பம் அதன் வரிசையில் ஓடும்போது அது தானாக ஒதுங்கி நிற்க வேண்டும். இதைச் செய்ய உங்கள் பொறியாளர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது என்பது என் ஊகம்.

அதே ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏறக்குறைய 16 நிமிடம் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் பாட்டுக் கோவை இருக்கிறது. 'தி எண்ட்' என்ற பாட்டோடு எல்லாம் முடிந்தது என்று நாம் எழுந்துபோகும் நேரத்தில், சுமார் 14 நொடி மௌனத்துக்குப் பிறகு 23 நொடியில் ஒரு குட்டிப் பாட்டு வந்து கண்ணடித்துவிட்டுப் போகும். முதலில் வந்த உறையில் அதன் பெயர்கூட இல்லை. ஷஃபிளில் அந்த 23 நொடி நடுவில் எங்கோ வந்து விழுந்தால், அதில் என்ன வேடிக்கை இருக்கிறது?

கலைஞர்களுக்கு இந்தக் கவலை பழையது. பிரின்ஸ் 1988இல் 'லவ்செக்ஸி'யைக் குறுந்தகடாக வெளியிட்டபோது ஒன்பது பாடல்களையும் பிரிக்காமல் ஒரே ட்ராக்காகப் போட்டார். தாண்ட முடியாது, கலைக்க முடியாது. எரிச்சலூட்டும் பிடிவாதம்தான். ஆனால் நடுவில் நுழைய வழியில்லாமல் முதலிலிருந்து கேட்டதால்தான் அந்த ஆல்பத்தில் பக்தியும் காமமும் மாறி மாறி ஒன்றையொன்று இழுப்பது எனக்குப் பிடிபட்டது. 2021 நவம்பரில் பாடகி அடெல் தன் '30' ஆல்பம் வந்த சமயத்தில், வரிசையை யோசித்துத்தான் அமைக்கிறோம் என்று சொல்லிக் கேட்ட பிறகு, உங்களில் மிகப் பெரியவர் ஆல்பம் பக்கங்களில் ஷஃபிளை இயல்புப் பொத்தானாக வைத்திருந்ததை மாற்றினார். ஆக, இது முடியாத காரியம் இல்லை. பெரிய நட்சத்திரம் கேட்டால் நடக்கிறது.

கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளின் கதி இன்னும் மோசம். ராகம் தானம் பல்லவியை மூன்று ட்ராக்காகப் பிரித்து ஏற்றியிருப்பார்கள். ஷஃபிள் போட்டால் பல்லவி முதலில் வரும், நடுவில் யாரோ ஒருவரின் துக்கடா (கச்சேரி முடிவில் பாடும் சிறு பாட்டு), அதற்குப் பிறகு ஆலாபனை. ராகத்தைப் பாடகர் அங்குலம் அங்குலமாகத் திறந்து காட்டிய பிறகு வரவேண்டிய பல்லவி, வந்து போன பிறகு ராகம் அறிமுகமாகிறது. இதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்தது ஆல்பங்களின் முடிவுகள். எனக்கு மிகப் பெரிய கோபம் இதில்தான்.

மெட்டல் என் முதல் விருப்பம் இல்லை. ஆனாலும் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) ஆல்பத்தை மதிக்கிறேன். பத்துப் பாட்டு, மொத்தமே 29 நிமிடம். மூச்சுவிட இடம் தராமல் அடித்துக்கொண்டே போகும். ஒன்பதாவது பாட்டு நிற்காமல் அப்படியே பத்தாவதுக்குள் போய் இறங்கும். கடைசியில் எல்லா வாத்தியமும் சிதறி, இடி இடித்து, மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும். அரைமணி நேர அடிக்குப் பிறகு அந்த மழையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்காகவே நான் முழு ஆல்பத்தையும் கேட்பேன். போன வாரம் மழை ஓய்ந்த மறுகணம், ஒரு பெண் குரல் துள்ளலாகக் காதல் பாட்டு பாடத் தொடங்கியது. "இதைப் போன்றவை" என்று திரையில் எழுதியிருந்தது. எதைப் போன்றவை?

ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' வேறு மாதிரி முடிவு. 2006 பிப்ரவரி 7ஆம் தேதி, அவருடைய 32ஆவது பிறந்தநாளில் வெளிவந்தது. மூன்று நாள் கழித்து அவர் இறந்துபோனார். 31 துண்டுகள், பல ஒன்றரை நிமிடம்கூட ஓடாதவை. முதல் துண்டுக்கு 'அவுட்ரோ' என்றும் கடைசித் துண்டுக்கு 'இன்ட்ரோ' என்றும் பெயர். கடைசி முடியும் இடத்தில் முதல் தொடங்குகிறது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். சாகப்போகிற ஒரு மனிதர் முடிவே இல்லாத ஆல்பம் ஒன்றைச் செய்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அதை இரண்டாம் சுற்றுக் கேட்டபோது, இடையில் நிறுத்த எனக்குக் கை வரவில்லை. உங்கள் செயலி அந்த வட்டத்தை முதல் சுற்றிலேயே அறுத்து, "இதே மனநிலைக்கு" என்று வேறொன்றைப் போட்டது. இடையில் ஒரு கணம் இடைவெளி வேறு. பாட்டுகளுக்கு நடுவே இடைவெளியில்லாமல் ஓட்டும் வசதி சில கருவிகளில் வேலை செய்கிறது, சிலவற்றில் செய்வதில்லை. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) போன்ற, பக்கம் முழுக்க ஒரே நீரோட்டமாக வரும் ஆல்பத்தில் அந்த அரை நொடி வெற்றிடம் எப்படி உறுத்தும் என்பதை உங்களில் யாராவது முழுதாக உட்கார்ந்து கேட்டிருந்தால் இத்தனை வருடம் விட்டுவைத்திருக்க மாட்டீர்கள்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனியில் மூன்றாவது பகுதிக்கும் நான்காவது பகுதிக்கும் நடுவே நிறுத்தம் கிடையாது. எல்லா வாத்தியமும் கிட்டத்தட்ட அடங்கி, டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் வயலின்கள் ஊர்ந்து ஏறி, ஒலி பெருகி, ஒரே பாய்ச்சலில் இருண்ட சி மைனரிலிருந்து ஒளிமிக்க சி மேஜருக்குப் போய்ச் சேரும். 1808இல் முதல் அரங்கேற்றத்தில் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப்பார்ப்பேன். குறுந்தகடுகளிலும் செயலிகளிலும் அவை இரண்டு ட்ராக்குகள். இலவசக் கணக்கு வைத்திருக்கும் என் நண்பருக்குச் சரியாக அந்த இடத்தில் வாகனக் காப்பீட்டு விளம்பரம் வந்தது. இலவசத்துக்கு விளம்பரம் வருவது நியாயம்தான். நான்காவது பகுதி முடிந்தபின் இரண்டு விளம்பரமாகச் சேர்த்துப் போடுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இனி இசை நிறுவனங்களுக்கு.

ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' (1980), 'டைரி ஆஃப் எ மேட்மேன்' (1981) இரண்டிலும் பேஸ் கிதார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். ராயல்டித் தகராறு வழக்காக மாறிய பிறகு, 2002 மறுவெளியீட்டில் இருவருடைய வாசிப்பையும் அழித்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்து ஒட்டினார்கள். கிதார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982இலேயே இறந்துவிட்டார். அவருடைய கிதார் மட்டும் பழையது. அதைத் தாங்குகிற அடித்தளம் இருபது வருடம் கழித்து, அவரோடு சேர்ந்து வாசித்திராதவர்கள் போட்டது. 2011இல்தான் மூலப் பதிவை மீட்டுப் போட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த ஆல்பத்தை முதல்முறையாக வாங்கிய இளைஞர்கள் எதைக் கேட்டுப் பழகினார்களோ அது வேறு ஆல்பம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். புதிதில் வாசித்தவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் டெய்ஸ்லியின் பேஸ், ரோட்ஸின் கிதாரோடு பேசும். புதியது கிதாருக்குப் பின்னால் ஓடும். என் காதுக்குப் பட்டது அதுதான்.

எல்லா மாற்றமும் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) எதிர் உதாரணம். அதன் முதல் பக்கத்து மூன்று பாடல்களைப் பதிந்த நாளில் ஒலிநாடா எந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டில் ஏற்றியபோது அவை கொஞ்சம் வேகமாகவும் சுருதி கொஞ்சம் உயர்ந்தும் ஒலித்தன. அதோடு சேர்ந்து வாசித்துப் பழகிய கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழம்பியிருக்கிறார்கள். 1992இல், சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடாவைக் கொண்டு திருத்தினார்கள். திருத்திய வடிவில் 'சோ வாட்' இன்னும் தாழ்வாக, இன்னும் நிதானமாக இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. பழைய தட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு அது பிடிக்காமல் போகலாம்; அதுவும் நியாயமே. இரண்டையும் வையுங்கள், எது எது என்று எழுதுங்கள். இப்போது நான் தட்டும் படத்துக்குப் பின்னால் எந்த வடிவம் இருக்கிறது என்று எங்கும் குறிப்பு இல்லை. இன்று கேட்ட வடிவம் நாளைக்கும் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. எனக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தில், சேமித்து வைத்திருந்த பழைய பதிப்பு ஒரு நாள் தட்டினாலும் ஓடாதபடி சாம்பல் நிறமாகிப்போனது. அதன் இடத்தில் "ரீமாஸ்டர்" (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்தது) என்ற வாலோடு புதிது வந்தது. எல்லாம் முன்னுக்கு வந்து கத்துகிறது. டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த அறையின் ஒலியே இல்லை. மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' 2008இல் வந்தபோது, மெல்லியதும் உரத்ததும் ஒன்றாகும்படி ஒலியை இந்த அளவுக்கு நசுக்கிவிட்டீர்களே என்று ரசிகர்கள் மனு போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதே பாடல்கள் 'கிதார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்குப் போனபோது அந்த நசுக்கல் இல்லாமல் இருந்ததையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

ஆண்டு விவகாரமும் இருக்கிறது. பியானோ கலைஞர் கிளென் கூல்ட், பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இசையை 1955இல் ஒருமுறையும் 1981இல் ஒருமுறையும் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது சுமார் 51. முதலாவதில் இருபத்திரண்டு வயது இளைஞர் விரல்களின் வேகத்தில் மயங்கி ஓடுகிறார். இரண்டாவதில் 'ஏரியா' எனப்படும் தொடக்க மெட்டை ஒவ்வொரு சுரமாக எடுத்து வைக்கிறார். அடுத்த ஆண்டு அவர் உயிரோடு இல்லை. மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து நான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். செயலியில் தேடினால் மறுவெளியீடு செய்த ஆண்டுகள்தான் முன்னால் நிற்கின்றன. எது இளைஞர், எது முதியவர் என்று நேரத்தைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பதிவும், மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் நியூயார்க்கின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் ஒரே கூரைக்குக் கீழே நடந்தவை. இப்படிப்பட்ட சேதிகளை முன்பு உறையின் பின்பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டோம்.

உறை என்றதும் பெயர்களும் நினைவுக்கு வருகின்றன. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) உறையில்தான் மோடவுன் நிறுவனத்தின் பின்னணிக் கலைஞர்களுக்கு முதல்முறையாகப் பெயர் கிடைத்தது. அதுவரை எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை உலகம் அறிய அத்தனை வருடம் ஆயிற்று. அந்த ஆல்பத்தில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். மார்வின் கேயின் குரலுக்கு நிகராக இன்னொருவர் பாடிக்கொண்டிருப்பது போல் இருக்கும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) கேட்டு வயலினில் கிறங்கிப் போகாதவர் யார்? வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். நான் பயன்படுத்தும் செயலியில் அந்தப் பெயரைக் காணோம். கடைசியில் பழைய ஒலிநாடா உறை ஒன்றின் படத்தைத் தேடித்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. ஐம்பது வருடம் முன்னால் வென்றெடுத்த இடத்தைக் கலைஞர்கள் உங்கள் திரையில் மறுபடி இழந்து நிற்கிறார்கள்.

சாம்பல் நிறப் பாடல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிப் ஹாப் குழுவான டி லா சோலின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைஸிங்' 1989இல் வந்தது. அதில் எடுத்தாண்ட பழைய ஒலித்துண்டுகளுக்கான உரிமைச் சிக்கலால் ஸ்ட்ரீமிங்குக்கு வர 2023 மார்ச் ஆயிற்று. அதற்குச் சில வாரம் முன்பு, பிப்ரவரியில், குழுவின் டேவிட் ஜோலிகர் இறந்துவிட்டார். இடையில் ஒரு தலைமுறைக்கு அப்படி ஓர் ஆல்பம் இருந்ததே தெரியாது. உரிமை ஒப்பந்தங்கள் சிக்கலானவை என்பது புரிகிறது. ஆனால் ஒரு பாட்டு மறைந்தால், அது ஏன் மறைந்தது, வருமா வராதா என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்த ஒப்பந்தமும் தடையாக இருக்க முடியாது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பெரும்பாலானவர்கள் ஆல்பமாகக் கேட்பதில்லை, எங்கள் தரவு அதைத்தான் காட்டுகிறது என்பீர்கள். பெரிய பொத்தானை ஷஃபிளுக்குக் கொடுத்துவிட்டு, வரிசையை மூன்று புள்ளிக்குள் ஒளித்துவைத்துவிட்டு எண்ணினால் தரவு வேறு எதைக் காட்டும்? அதோடு, உங்களில் மிகப் பெரியவரின் கணக்குப்படி 30 நொடி ஓடினால் ஒருமுறை கேட்டதாக எண்ணிக்கை, அதாவது ஒரு கேட்பு. கீத் ஜாரட்டின் 'தி கோல்ன் கான்சர்ட்' (1975) முதல் பகுதி 26 நிமிடம் ஓடும். பழுதான பியானோவை வைத்துக்கொண்டு, முன்தயாரிப்பே இல்லாமல், அந்த இரவில் அவர் கண்டெடுத்தது அது. அதற்கும் ஒரு கேட்பு, இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஒரு கேட்பு. துண்டு துண்டாகக் கேட்டால் லாபம் வரும் கணக்கை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குத் துண்டுதான் பிடிக்கிறது என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. அந்தப் பதிவை வெளியிட்ட ஈசிஎம் நிறுவனம் 2017 நவம்பரில்தான் ஸ்ட்ரீமிங்குக்குள் வந்தது. வரும்போதே குறுந்தகடும் இசைத்தட்டுமே தங்களுக்கு முதன்மை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தது. அவர்கள் தயங்கியதன் காரணம் இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது.

"அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ளலாமே" என்பது இன்னொரு பதில். மாற்றியவைதான் அப்டேட்டுக்கு அப்டேட் பழையபடி ஆகின்றன. மேலும், முதல்முறையாக 'கிட் ஏ'வைத் திறக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அங்கே மாற்ற வேண்டியது ஒன்று இருப்பதே தெரியாது. கலைந்ததைக் கேட்டுவிட்டு, என்னமோ பெரிதாகச் சொன்னார்களே, இவ்வளவுதானா என்று போய்விடும்.

செயலி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவை. ஆல்பம் பக்கத்தில் பெரிய பொத்தான் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல் ஓட்ட வேண்டும். சந்தா கட்டுகிறவர், இலவசக் கணக்குக்காரர் இருவருக்கும். ஆல்பத்துக்குள் பரிந்துரைப் பாடலைச் செருகக் கூடாது. ஆல்பம் முடிந்தால் நிற்க வேண்டும். தானாகத் தொடர்வது வேண்டும் என்கிறவர் அதை இயக்கிக்கொள்ளட்டும். ஒருவர் ஒருமுறை அணைத்ததை நீங்கள் திரும்ப இயக்கக் கூடாது. வரிசையில் ஓடும்போது கிராஸ்ஃபேட் விலகிக்கொள்ள வேண்டும், ஒலியளவைச் சமன் செய்வது ஆல்பம் அளவில் மட்டும் நடக்க வேண்டும், இடைவெளியில்லாமல் ஓட்டும் வசதி எல்லாக் கருவியிலும் வேலை செய்ய வேண்டும். தொடர்ந்து வாசிக்கப்படும் பகுதிகளுக்கு நடுவே விளம்பரம் வரக் கூடாது. எவை தொடர்ச்சியானவை என்று குறிக்கும் வசதியை ஏற்றுகிறவர்களுக்குக் கொடுங்கள்.

இசை நிறுவனங்களிடம் கேட்பது: ஒவ்வொரு பதிப்பிலும் பதிவு செய்த ஆண்டு, முதலில் வெளிவந்த ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு மூன்றையும் கொடுங்கள். ரீமாஸ்டர் போடுங்கள், ஆனால் பழையதை எடுத்துவிடாதீர்கள். வாசிப்பையே மாற்றியிருந்தால், யாரை நீக்கி யாரைச் சேர்த்தீர்கள் என்று முகப்பிலேயே சொல்லுங்கள். வாசித்தவர், பாடியவர், எழுதியவர், ஒலிப்பதிவு செய்தவர் எல்லோருடைய பெயரையும், கையில் இருக்கும் உறைக் குறிப்பு முழுவதையும் செயலிகளுக்கு அனுப்புங்கள். செயலிகள் அதை ஒரே தட்டலில் காட்டட்டும். ஒரு பாட்டு விலக்கப்பட்டால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

இந்த மடலுக்கு வழக்கமான தானியங்கிப் பதில் வேண்டாம். மேலே கேட்டவற்றில் எதை எந்த மாதத்துக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, முடியாததற்குக் காரணம் என்ன என்று பெயர் போட்ட ஒரு பொறுப்பாளர் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். என் ஆண்டுச் சந்தா புதுப்பிப்புக்கு வரும்வரை காத்திருப்பேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டிக் கேட்கும் ஒரு ரசிகர்